வுழு முறியாத மாப்பிள்ளை

பன்னிரண்டு இருபதுக்கு லுஹர் பாங்கு சொன்னது. ஸுஹைப் கை, முகம், கால் கழுவி வுழு எடுத்துத் தொழுதுவிட்டு வந்து, தங்கச்சி றிஸ்னாவின் வேலை அறையில் கதிரையில் உட்கார்ந்தான். றிஸ்னா கதவைப் பூட்டினாள்.

அவள் வவுனியாவில் வீட்டிலிருந்தபடியே மணப்பெண் அலங்காரம் செய்பவள். அந்தக் கதிரையில் இதுவரை ஓர் ஆண் உட்கார்ந்ததில்லை. எதிரே கண்ணாடி. கண்ணாடியைச் சுற்றிப் பத்து பல்புகள். ஸுஹைப் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பல்புகளைப் பார்த்தான்.

"தொட்டுப் பாக்காதிங்கோ நானா. சிரிக்காதிங்கோ. சிரிச்சால் வெடிக்கும்."

"வேர்த்தால்?"

"வேர்வைக்கு ஒண்டும் ஆகாது. கலியாணப் பொம்பிளை வீட்டை விட்டுப் போகேக்க அழுற அழுகைக்கே நிக்கிற சாமான் இது."

அவள் முதலில் செம்மஞ்சள் நிறத்தில் ஒன்றைப் பூசினாள்.

"இது எதுக்கு?"

"கறுப்பை மறைக்க."

"செம்மஞ்சளை மறைக்க?"

"அதுக்கு வேற இருக்கு. வாயை மூடுங்கோ."

ஸுஹைப்புக்கு இருபத்தெட்டு வயது. தண்ணீர் பம்புகளைத் திருத்துபவன். பதினாறு வயதில் முதல் பரு வந்தது. வேப்பிலை அரைத்துப் பூசினான். பச்சை மஞ்சள் பூசினான். ஒரு கிழமை மஞ்சள் முகத்தோடு தோட்டக் கிணறுகளுக்குப் போய் வந்தான். பற்பசை பூசிக்கொண்டு படுத்தான். தலையணைக்கு எறும்பு வந்தது. சிநேகிதன் ஒருவன் கொடுத்த, பெயர் எழுதாத கிறீம் இரண்டு கிழமை முகத்தை வெளுக்க வைத்தது. மூன்றாம் கிழமை தோல் உரிந்தது. கடைசியாகத் தாடி வளர்த்தான். அது நாடியில் மட்டும் வந்தது. கன்னத்துக்கு வர மறுத்தது.

இப்போது பருக்கள் பெரும்பாலும் போய்விட்டன. குழிகள் போகவில்லை.

இரண்டு சம்பந்தம் வந்து திரும்பிப் போனது. முதல் பெண்ணுக்கு மேலே படிக்க விருப்பம் என்றார்கள். மூன்று மாதத்தில் அவளுக்குக் கலியாணம் நடந்தது. இரண்டாவது பெண்ணின் வாப்பா நேராகவே கேட்டார்: "தம்பிக்கு அம்மை வந்ததோ?" ஸுஹைப் இல்லை என்றான். அம்மை என்றே சொல்லியிருக்கலாம் என்று பிறகு நினைத்தான். அம்மைக்காவது இரக்கப்படுவார்கள்.

மூன்றாவது, தண்ணீரூற்று என்ற ஊரில். பெண்ணின் பெயர் றிஸ்பா. முல்லைத்தீவு டவுனில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை. அவளை அவன் போட்டோவில்தான் பார்த்திருந்தான். பிடித்திருந்தது. அவளும் அவனைப் போட்டோவில்தான் பார்த்திருந்தாள். அந்தப் போட்டோவை றிஸ்னா போனில் மினுக்கி அனுப்பியிருந்தாள். படத்தில் அவன் கன்னம் அவித்து உரித்த முட்டை.

இன்றைக்கு முட்டையை நேரில் காட்ட வேண்டும்.

"பூச்சு ஒரு பிரச்சினையே இல்லை," றிஸ்னா சொன்னாள். "பிரச்சினை அந்தப் பிள்ளைட வாப்பா. பின்னேரம் அஸர் தொழ உங்களைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போவார். போன வருஷம் வந்த மாப்பிள்ளை ஒருத்தன் கால் நோவெண்டு சொல்லி வீட்டில இருந்திட்டானாம். தேத்தண்ணி ஊத்தியும் குடுக்காமல் அனுப்பினவராம்."

"போனால் வுழு எடுக்கோணுமே."

"எடுக்கேலாது. இது வோட்டர்புறூவ். தண்ணி தோலில படாது. தோலில படாட்டி வுழு சேராது."

"அப்ப எப்பிடித் தொழுறது?"

றிஸ்னா இதை மூன்று நாளாக யோசித்திருந்தாள். பூச்சுக்கு மேலே வுழு எடுத்தால்தான் குற்றம். வுழுவுக்கு மேலே பூசினால் குற்றமில்லை. லுஹருக்குக் கழுவிய முகத்தின் மேல்தான் இப்போது பூசுகிறாள். அந்த வுழு அஸர்வரைக்கும் முறியாமல் நின்றால், கழுவாமலே தொழலாம்.

"காத்துப் போகப்படாது. ஒண்டுக்குப் போகப்படாது. சாஞ்சு கிடந்து நித்திரை கொள்ளப்படாது. மூண்டு மணித்தியாலம். அவ்வளவுதான்."

"பயணம்தானே. லுஹரோட அஸரையும் சேர்த்துத் தொழுதிட்டன் எண்டு சொன்னால்?"

"தூரம் காணாது. நான் போனில மப் போட்டுப் பாத்தனான்."

அவள் குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பினாள். சுவர் வெடிப்புக்குச் சீமெந்து வைப்பதுபோல் இருந்தது. பிறகு பஞ்சால் ஒற்றினாள். பிறகு மாவு. பிறகு விசிறி.

"நிறம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். மணப்பெண்ணுக்கெண்டு வாங்கினது."

"எவ்வளவு தூக்கல்?"

றிஸ்னா தள்ளி நின்று பார்த்தாள். "கனடாவில இருந்து வந்த உங்கட தம்பி மாதிரி."

அவனுக்குத் தம்பி இல்லை. கண்ணாடியைப் பார்த்தான். இருந்தான்.

கதவு தட்டப்பட்டது. உம்மா ஸுஹறா உள்ளே வந்து, கதிரையைப் பார்த்து, அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"மகன் எங்க?"

"இவர்தான் உம்மா."

ஸுஹறா கிட்ட வந்தார். "மாஷா அல்லாஹ்," என்றார். பிறகு, "இது பொய் இல்லையோ?" என்றார்.

"உங்கட கலியாணத்தில கட்டின கொண்டை முழுக்க உங்கட தலைமயிரோ உம்மா?"

ஸுஹறா குசினி அடுப்புக்குத் திரும்பிப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டை றிஸ்னாவே போட்டாள். வாயுவைக் கிளப்பும் பருப்பு இல்லை. கோவாக் கறி இல்லை. முட்டை இல்லை. சோறும் மீன் குழம்பும். தண்ணீர் அரைக் கிளாஸ்.

ஒன்றரைக்கு வான் புறப்பட்டது. ஓட்டியவன் றிஸ்னாவின் கணவன் நிஸார். குளிர்க்காற்று முழுவதையும் ஸுஹைப்பின் முகத்துக்குத் திருப்பிவிட்டிருந்தான். பின்சீற்றில் ஸுஹறா முந்தானையால் காதை மூடிக்கொண்டு தஸ்பீஹ் மணி உருட்டினார். றிஸ்னா மடியில் ஒரு பை. உள்ளே பஞ்சு, மாவு, தேவைப்பட்டால் இன்னொரு பூச்சு.

புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி ரோட்டில் ஏறினார்கள். நெடுங்கேணிச் சந்தியில் நிஸார் வானை நிறுத்தி இறங்கிப் போனான். நிலக்கடலை நிரம்பிய ஒரு கடதாசிச் சுருளோடு வந்தான்.

"மச்சான், கச்சான்."

"வேண்டாம்."

"இப்பதான் வறுத்தது. சூடாக் கிடக்கு."

"வேண்டாம் எண்டன்."

"வெறும் வயித்தில வாற காத்து ஒண்டு இருக்கு. அது இன்னும் மோசம். உன்ர நன்மைக்குச் சொல்றன்."

"அவரைக் கதைக்க வைக்காதிங்கோ," பின்னாலிருந்து றிஸ்னா சொன்னாள்.

"நான் கதைக்க வைக்கேல்லை. தின்ன வைக்கிறன்."

நிஸார் தானே கச்சானை உடைத்து உடைத்துச் சாப்பிட்டான். அவனுக்கு முறிய எதுவும் இல்லை. நெடுங்கேணிக்கு அப்பால் ரோட்டுக் குழிகள் தொடங்கின. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் அவன் அறிவித்தான்.

"மச்சான், பள்ளம். பிடிச்சுக்கொள்."

ஸுஹைப் கதிரைக் கம்பியைப் பிடித்தான்.

"கம்பியைச் சொல்லேல்லை."

பின்சீற்றில் ஸுஹறாவின் தஸ்பீஹ் ஒரு கணம் நின்றது. அவர் வெளியே காட்டைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின.

"உம்மா, நீங்களுமா?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே மகன்."

ஸுஹைப்புக்கும் சிரிப்பு வந்தது. இடது கன்னத்தில் ஏதோ இறுகியது. சிரிப்பை விழுங்கினான். விழுங்கிய சிரிப்பு வயிற்றுக்குள் போய், அங்கே ஏற்கனவே இருந்த ஒன்றோடு சேர்ந்துகொண்டது. ஒட்டுசுட்டான் வரும்வரை அவன் மூச்சை மெதுவாக விட்டான்.

"நித்திரையோ?" நிஸார் கேட்டான்.

"இல்லை."

"கொள்ளலாம். இருப்பு அசையாமல் இருந்தபடி நித்திரை கொண்டால் முறியாது. அசைஞ்சால்தான்."

"நீங்கள் மௌலவிக்குப் படிச்சிருக்கலாம்," றிஸ்னா சொன்னாள்.

"படிச்சிருந்தால் உங்கட நானாவை முன்சீற்றில ஏத்தியிருக்க மாட்டன்."

மூன்று மணிக்குத் தண்ணீரூற்றில் இறங்கினார்கள். றிஸ்பாவின் வாப்பா இஸ்ஸதீன் கேற்றடியில் நின்றார். நெடிய மனிதர். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி. ஸலாம் சொல்லிக் கை கொடுத்தார். ஸுஹைப்பின் முகத்தைப் பார்த்தார். அவனுக்கு அந்தப் பார்வை நீளமாகத் தெரிந்தது. எல்லாப் பார்வையும் அவனுக்கு நீளமானதுதான்.

ஆண்கள் மூவரும் முன் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். ஸுஹறாவையும் றிஸ்னாவையும் உள்ளறைக்கு அழைத்துப் போனார்கள். உள்ளே போகும்போது றிஸ்னா திரும்பி, சிரிக்க வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

சர்பத் வந்தது. ஸுஹைப் உதட்டை நனைத்துவிட்டு வைத்தான்.

"குடியுங்கோ தம்பி. வெயிலுக்குள்ள வந்தனிங்கள்."

"போதும் மாமா."

"வட்டிலப்பம்?"

மறுக்க முடியவில்லை. ஒரு துண்டு எடுத்தான். இஸ்ஸதீன் இன்னொரு துண்டு வைத்தார்.

நிஸார் கதை தொடங்கினான். கனகராயன்குளத்தில் ஒரு தோட்டத்தில் பம்ப் இழுக்கவில்லையாம். ஸுஹைப் குழாயைக் கழற்றினால் உள்ளே ஓர் உடும்பு. உடும்பின் வாலை இவன் பிடிக்க, இவன் சாரத்தை உடும்பு பிடிக்க, தோட்டக்காரி ஓடிவந்து கதவைச் சாத்தினாளாம். உடும்பைப் பார்த்தல்ல.

இஸ்ஸதீன் இலேசாகச் சிரித்தார். ஸுஹைப் எதிர்ச்சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி இருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"தம்பி கனக்கச் சிரிக்கிறேல்லைப் போல."

"அவர் அப்பிடித்தான் மாமா," நிஸார் சொன்னான். "நல்ல பேணுதலான ஆள்."

"நல்லது. கனக்கச் சிரிச்சால் நெஞ்சுக்குள்ள கல்பு செத்துப் போகும்." இஸ்ஸதீன் அவனை மதிப்போடு பார்த்தார். "அஸருக்குப் பள்ளிக்குப் போவம். வுழு இருக்கோ?"

"இருக்கு மாமா. லுஹருக்கு எடுத்தது."

"லுஹரில இருந்தோ? இவ்வளவு தூரம் வந்தும்?"

"ஓம்."

இஸ்ஸதீன் தலையை மெதுவாக ஆட்டினார். நிஸார் சர்பத் கிளாசுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

காரியம் நடந்துவிடும்போல் ஸுஹைப்புக்குத் தோன்றியது. வயிற்றில் இருந்த ஒன்று அடங்கிவிட்டது. கன்னம் வெடிக்கவில்லை. வாப்பாவுக்குப் பிடித்துவிட்டது. இன்னும் கால் மணித்தியாலம்.

அப்போது றிஸ்பா தேநீரோடு வந்தாள்.

அவன் முதலில் அவள் நெற்றியைப் பார்த்தான். இரண்டு பருக்கள். சிவப்பு. மேலே எதுவும் பூசவில்லை. பரு உள்ளவன் முதலில் பார்ப்பது அதைத்தான். அவள் அவன் நெற்றியைப் பார்க்கவில்லை. கன்னத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு காதைப் பார்த்தாள். காதிலேயே நின்றாள்.

வாப்பாவின் கோப்பையை ஸ்டூலில் வைத்தாள். நிஸாரின் கோப்பையை ஸ்டூலில் வைத்தாள். தட்டத்தையும் ஸ்டூலில் வைத்தாள். மூன்றாவது கோப்பையைக் கையில் எடுத்து, ஸுஹைப்பிடம் நீட்டினாள்.

அவன் வாங்கினான். அவளுடைய இரண்டு விரல்கள் அவன் விரல்களின் மேல் இருந்தன. மருந்துப் போத்தலில் லேபிள் படிக்கிற நேரம் இருந்தன. பிறகு எடுத்தாள்.

"சீனி காணுமோ பாருங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தங்கச்சியின் கை ஆயிரம் தடவை பட்டாலும் வுழுவுக்கு ஒன்றும் ஆகாது. மணமுடிக்கக்கூடிய பெண்ணின் விரல் பட்டால் முறிந்துவிடும். அவளுடையதும் முறியும், அவனுடையதும் முறியும். குர்ஆன் மதரசாவில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த பாடம். றிஸ்னா மூன்று நாள் யோசித்த திட்டத்தில் அது இருக்கவில்லை. யார் வந்து நானாவின் கையைப் பிடிக்கப் போகிறார்கள்?

ஸுஹைப் தேநீரைக் குடித்தான். சீனி போதும்.

அஸர் பாங்கு சொன்னது.

"எழும்புங்கோ தம்பி."

"வுழு எடுக்கோணும் மாமா."

"இருக்கெண்டு சொன்னிங்கள்."

"இப்ப இல்லை."

நல்ல மனிதர் எவரும் ஏன் இல்லை என்று கேட்க மாட்டார். இஸ்ஸதீன் கேட்கவில்லை. காலியான வட்டிலப்பத் தட்டைப் பார்த்தார். தன் கதிரையை ஓரடி பின்னால் இழுத்துவிட்டு எழுந்தார்.

"கிணத்தடி பின்னுக்கு. நாங்கள் கேற்றடியில நிக்கிறம்."

நிஸாரின் முகத்தில் இருந்தது பெருநாள்.

கிணற்றடியில் வாளியில் தண்ணீர் இருந்தது. ஸுஹைப் கையைக் கழுவினான். வாய் கொப்பளித்தான். மூக்குக்கு இழுத்தான். பிறகு இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் ஊற்றினான்.

தண்ணீர் சேம்பிலையில் ஓடுவதுபோல் ஓடியது. இன்னொரு தரம் ஊற்றினான். ஓடியது. வாளிக்குள் குனிந்து பார்த்தான். கனடாத் தம்பி அப்படியே இருந்தான். ஒரு கோடுகூடக் கலையவில்லை.

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. றிஸ்னா கெட்டிக்காரி. இனி காலைக் கழுவிவிட்டுப் போகலாம். ஈர முகத்தோடு போகலாம். இஸ்ஸதீன் பார்ப்பார், ஊர் பார்க்கும், வுழு எடுத்தவனைப் பார்ப்பார்கள். எவருக்கும் தெரியாது.

அல்லாஹ்வுக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை.

அவன் வாளிக்குப் பக்கத்தில் நின்றான். சில பம்புகள் காற்றை இழுக்கும். சத்தம் சரியாக வரும். ஆட்டம் சரியாக இருக்கும். தோட்டக்காரன் தூரத்தில் நின்று, மெசின் வேலை செய்யுது என்று நினைப்பான். வாய்க்காலில் தண்ணீர் வராது. அப்படியான பம்பை அவன் ஒருநாளும் திருத்திவிட்டேன் என்று சொல்லிக் கொடுத்ததில்லை. முன்வரிசையில், இஸ்ஸதீனுக்குப் பக்கத்தில், அப்படி நிற்க வேண்டும். நாலு றக்அத் தொழுகை முழுக்க.

கழுவினால் மூன்றாவது சம்பந்தமும் போகும். றிஸ்னா மூன்று நாள் யோசித்ததும் போகும். உம்மா வானில் திரும்பிப் போகும்போது ஒன்றும் சொல்ல மாட்டார். அது சொல்வதைவிட மோசம்.

முகத்தை விரலால் தேய்த்தான். விரல் வழுக்கியது.

குசினி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே றிஸ்பாவின் உம்மா எதையோ பொரித்துக்கொண்டிருந்தார். றிஸ்பா கம்பிகளுக்குப் பின்னால் நின்று ஒரு கோப்பையைக் கழுவினாள். அது கழுவிய கோப்பை.

ஸுஹைப் ஜன்னலுக்கு வந்தான்.

"கொஞ்சம் தேங்காயெண்ணெய் கிடைக்குமோ?"

"தலைக்கோ?"

"முகத்துக்கு."

போத்தல் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஜன்னல் கட்டில் வைத்தாள். ஒரு வெள்ளைத் துணி வைத்தாள். ஒரு சவுக்காரம் வைத்தாள். இந்த முறை எதையும் கையில் கொடுக்கவில்லை.

"உரஞ்சாதிங்கோ. பூசிப்போட்டு முப்பது எண்ணுங்கோ. பிறகு துணியால எடுங்கோ. பிறகு சவுக்காரம். எண்ணெயும் தண்ணியை உள்ள விடாது."

அவன் பூசினான். எண்ணினான். துடைத்தான். துணி மணப்பெண் நிறமானது. மடித்து மறுபக்கத்தால் துடைத்தான். அது செம்மஞ்சளானது.

"நீங்கள் வேணுமெண்டே செய்தனிங்கள்," ஸுஹைப் சொன்னான்.

"கை தவறிப் போச்சு."

"தேத்தண்ணி சிந்தேல்லை."

"கோப்பை தவறேல்லை."

உள்ளே எண்ணெய் பொரிகிற சத்தம். அவளுடைய உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கரண்டி நின்றிருந்தது.

"எப்பிடித் தெரிஞ்சது?"

"காது உங்கட. கன்னம் வேற ஆள்ட." அவள் கோப்பையை அடுக்கில் கவிழ்த்தாள். "ஒரு நாளைக்கு அஞ்சாறு பேர் வந்து கன்னத்தைக் காட்டி மருந்து கேக்கினம். பூசிக்கொண்டுதான் வருவினம். நான் முதல்ல காதைத்தான் பாக்கிறது."

"அப்ப வந்த உடனேயே வாப்பாட்ட சொல்லியிருக்கலாமே."

"வாப்பா பூச்சைக் குற்றமெண்டு சொல்ல மாட்டார். தொழுகையைத்தான் பாப்பார். எனக்கும் அதுதான் பாக்கோணும் போல இருந்தது. தண்ணி ஊத்திப்போட்டு அப்பிடியே போவிங்களோ எண்டு."

"போகத்தான் நினைச்சன்."

"பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

அவன் சவுக்காரம் போட்டான். கண் எரிந்தது. தண்ணீர் ஊற்றினான். இப்போது தண்ணீர் நின்றது. குழிகளுக்குள் இறங்கியது. வுழுவை முதலிலிருந்து தொடங்கினான். கை, வாய், மூக்கு, முகம் மூன்று தரம், முழங்கை, தலை, காது, கால்.

நிமிர்ந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாமசியில் பார்க்கிற பார்வை.

"வலப்பக்கம்தான் கூடுதல். வலப்பக்கம் சரிஞ்சோ படுக்கிறனிங்கள்?"

"அது நபிட வழி, சுன்னத்துத்தானே."

"சுன்னத்துத்தான். தலையணை உறையைத் தோய்க்கிறதும் சுன்னத்துக்கு மாறில்லை." பிறகு கேட்டாள்: "பேரில்லாத கிறீம் பூசினனிங்களோ?"

"ரெண்டு கிழமை."

"மூண்டாம் கிழமை உரிஞ்சிருக்கும்."

அவன் எண்ணெய்ப் போத்தலை மூடி ஜன்னல் கட்டில் வைத்தான்.

"தம்பி," கேற்றடியிலிருந்து இஸ்ஸதீனின் குரல். "பள்ளியில இகாமத் சொல்ல நேரமாச்சு."

அவள் ஜன்னலைச் சாத்தினாள். அவளும் வுழு எடுக்க வேண்டியிருந்தது.

கேற்றடியில் நிஸார் அவனைக் கண்டான். கண்டதும் இருமினான். இஸ்ஸதீன் அவன் முகத்தைப் பார்த்தார். அவர் பள்ளியை நோக்கி நடக்கத் தொடங்கினார். இருவரும் பின்னால் போனார்கள்.

ஸுஹைப் முன்வரிசையில் நின்றான். ஸுஜூதில் நெற்றி பாயில் பட்டது. பாய் சொரசொரப்பாக இருந்தது. மத்தியானம் முதல் எதுவும் அவன் தோலில் பட்டதாக இருக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் இஸ்ஸதீன் அவனோடு நடந்தார். நிஸாரைப் பின்னால் விட்டுவிட்டு நடந்தார்.

"எங்கட ஊர்த் தண்ணி நல்ல தண்ணி தம்பி."

"ஓம் மாமா."

"ஆளையே மாத்திப் போடும்."

ஸுஹைப்புக்குச் சிரிப்பு வந்தது. அடக்கத் தேவையில்லை என்று ஞாபகம் வந்தது. ஆனால் மாமனாராக வரக்கூடியவருக்கு முன்னால் எவ்வளவு சிரிக்கலாம் என்று தெரியவில்லை. பாதி சிரித்தான்.

"கழுவாமல் வந்திருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்காது," இஸ்ஸதீன் சொன்னார்.

"தெரியும் மாமா. அதுக்குத்தான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

"கனநேரம் நிண்டிங்களோ?"

"கொஞ்ச நேரம்."

"எனக்குக் கால் கடுத்துப் போச்சு." அவர் கேற்றைத் திறந்தார். "நான் தொழுகையைத்தான் பாத்தனான். முகத்தோட இருக்கப் போறது என்ர பிள்ளை. அவள்தான் முடிவு சொல்லோணும்."

மண்டபத்தில் பெண்கள் விடைபெறும் ஆயத்தத்தில் இருந்தார்கள். றிஸ்னா ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நானாவைக் கண்டாள். சிரிப்பு வாயிலேயே நின்றது. கை தானாகப் பைக்குள் போனது. பஞ்சைத் தொட்டது. வெளியே வந்தது. அவள் உட்கார்ந்தாள்.

ஸுஹறா மகனைப் பார்த்தார். பிறகு வீட்டாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

றிஸ்பாவின் உம்மா முழு முகத்தையும் ஆறுதலாகப் பார்த்தார். குசினியில் திரும்பாமல் இருந்ததற்கும் சேர்த்துப் பார்த்தார்.

"வெயிலுக்கு மச்சான்ட முகம் ஒரு மாதிரி..." நிஸார் தொடங்கினான்.

"நிஸார்," ஸுஹைப் சொன்னான். "விடு."

அவன் மண்டபத்தின் நடுவில் நின்றான். வாசல் வெளிச்சம் பக்கவாட்டாக விழுந்தது. குழிகளுக்கு ஆகக் கூடாத வெளிச்சம் அதுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் வாசலுக்கு முதுகு காட்டி இருப்பான். இப்போது திரும்பவில்லை.

"போட்டோவும் நான் இல்லை," அவன் சொன்னான். "கொஞ்சம் முன்னம் இந்தக் கதிரையில இருந்ததும் நான் இல்லை. இதுதான்."

"பூசினது நான்," றிஸ்னா சொன்னாள். "நானாவில பிழை இல்லை."

"பூச விட்டது நான்."

இஸ்ஸதீன் தன் கதிரையில் உட்கார்ந்து, உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை. ஏதும் கேக்கிறதெண்டால் இப்ப கேள். பிறகு என்னை அனுப்பிக் கேக்க வைக்காத."

றிஸ்பா நிலையடிக்கு வந்தாள். முந்தானை நுனியில் வுழு எடுத்த ஈரம். நெற்றியில் அந்த இரண்டு பருவும் இருந்தன. இந்த முறை அவள் காதைப் பார்க்கவில்லை.

"மருந்து பிறகு சொல்றன்," என்றாள். "முதல்ல இதைச் சொல்லுங்கோ. நிக்காஹ் முடிஞ்சு எத்தினையாம் நாள் கழுவுறதா இருந்தனிங்கள்?"